கை நனைக்க ஒரு ஞாயிறு

அக்டோபர் 20, ஞாயிறு

நேற்று மரகதம் போனில் ஒரு சேதி சொன்னாள். தென்னவன் வரப்போகிறானாம். எப்போது என்று கேட்டதற்கு, "அடுத்த மாசம் ஏதாவது ஒரு ஞாயித்துக்கிழமைங்க, லீவு பார்த்துட்டுச் சொல்றேன்னான்" என்றாள். சாப்பிடுவானா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். என் மகன் போன வருஷம் ஆகஸ்ட் மாதம் சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து, "இனிமே இந்த வீட்டுல கை நனைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திருப்பூருக்குப் போனவன். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. அவனுக்குக் கொஞ்ச நாள் சமைத்துப் போட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பிய மரகதமும் அங்கேயே இருக்கிறாள். பிள்ளை வெளிச்சாப்பாடு சாப்பிட்டால் வயிறு கெடும் அல்லவா, அதனால் இருக்கிறாள். மற்றபடி எனக்கு ஒரு குறையும் இல்லை. கோத்தகிரியில் சொந்த வீடு, மின்வாரியப் பென்ஷன், பேச்சுத் துணைக்கு டி.வி.

வருகிறவன் கை நனைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அதற்கு என்ன சமைப்பது என்றும் முடிவு செய்துவிட்டேன். கோழி.

காலையில் பஷீர் பாய் கடைக்குப் போனால் ஊரே அங்கே நிற்கிறது. புரட்டாசி முடிந்து மூன்று நாள்தான் ஆகிறது. ஒரு மாதம் கோழியைக் கண்ணால் பார்த்தாலே பாவம் என்று இருந்தவர்கள், இன்று தொடைக்கறிக்குச் சண்டை போடுகிறார்கள். நான் கறுப்புச் சட்டைக்காரன். எனக்கு எல்லா மாதமும் ஒன்றுதான், தினசரிக் காலண்டர்கூட வீட்டில் மாட்டியதில்லை. "தோலோட அரைக் கிலோ குடுங்க பாய்" என்றேன்.

"தோலோட யாரு சார் சாப்பிடுறாங்க? அதுவும் தனி ஆளு, அரைக் கிலோ எதுக்கு?"

"பழகுறேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

செய்முறை செல்போனில் இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு, மூன்றே பேர். அதில் கடைசியாக வந்தது தென்னவன் அனுப்பிய ஒரு வீடியோ. ஸ்வெட்டர் போட்ட ஒரு வெள்ளைக்கார அம்மா, ஜன்னலுக்கு வெளியே மஞ்சள் மஞ்சளாக இலை உதிர, கனத்த இரும்புச் சட்டியில் கோழியைப் பொரிக்கிறாள். அந்தக் கொழுப்பிலேயே உருளைக்கிழங்கு, கேரட், பூண்டு. பிறகு மூடி வைத்து வேகவிட்டு, சட்டியோடு கொண்டுபோய் மேசையில் வைக்கிறாள். சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து சிரிக்கிறார்கள். அங்கே இலையுதிர் காலமாம், குளிருக்கு இதமான சாப்பாடாம். இங்கேயும் குளிர்தான். எங்கள் மரங்கள் உதிர்ப்பதில்லை, மழையில் நின்று சொட்டிக்கொண்டிருக்கின்றன.

அலுமினிய வடைச்சட்டியில் செய்தேன். தோல் சட்டியோடு ஒட்டிக்கொண்டது. மேலே கரி, உள்ளே பச்சை ரத்தம். ராத்திரிக்கு பன்னும் ஊறுகாயும்.

அக்டோபர் 23, புதன்

இரும்புச் சட்டி விறகுக் கொட்டகையில் கிடைத்தது. தென்னவன் குன்னூர் மார்க்கெட்டில் வாங்கியது. தோசைக்கல்லுக்குச் சுற்றிலும் விளிம்பு வைத்தால் எப்படியோ அப்படி இருக்கும், ஒற்றைக் கையால் தூக்க முடியாது. துரு ஏறிச் செங்கல் நிறமாகியிருந்தது. தேங்காய் நாரும் செங்கல் தூளும் போட்டுக் காலையிலிருந்து தேய்த்தேன். அப்புறம் கஞ்சித் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்து, காயவைத்து, எண்ணெய் தடவி வைத்தேன். பழக்க வேண்டும், அவசரப்பட்டால் ஒட்டும்.

பக்கத்து வீட்டு ஜோகி வேலிக்கு அப்பால் இருந்து பார்த்துவிட்டு, "என்ன சார், அம்மா வர்றாங்களா?" என்றார். படுகர், தேயிலை வைத்திருக்கிறார், நல்ல மனுஷர். கேள்விதான் ஜாஸ்தி கேட்பார்.

"சட்டிக்குத் துரு" என்றேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

இரண்டாவது முறை. இன்று ஒட்டவில்லை. தோலை அடிப்பக்கம் வைத்து, கிண்டாமல், கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அது தெரியாமல் போன வாரம் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். எனக்குச் சும்மா நிற்கிற வழக்கம் கிடையாது, கம்பத்தில் ஏறியே பழகியவன்.

கேரட் குழைந்துவிட்டது. மிளகு தூக்கல். நடுவில் நாலைந்து தரம் உப்புப் பார்த்தேன், பார்த்துப் பார்த்தே பாதி வயிறு நிறைந்துவிட்டது. மீதியை மேசையில் சட்டியோடு வைத்துச் சாப்பிட்டேன். நான்கு நாற்காலி இருக்கிற மேசை. ஒன்றில் சலவைத் துணியும் ஒன்றில் பழைய பேப்பரும் இருக்கின்றன.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளியாம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நாள் முழுக்க வெடிச் சத்தம். மரகதம் கூப்பிடவில்லை, அவளுக்கு வேலை இருந்திருக்கும்.

நவம்பர் 3, ஞாயிறு

மூன்றாவது முறை. இது நன்றாக வந்தது என்று நானே சொல்லிக்கொள்ள வேண்டும், வேறு ஆள் இல்லை. தோல் மொறுமொறுவென்று, உள்ளே சாறு வற்றாமல். உருளைக்கிழங்கைக் கோழிக்கு முன்னாடியே அரைவேக்காடு வேகவைத்துவிட்டால் போதும். வெண்ணெய் கடைசியில்தான். இதை அந்த வெள்ளைக்கார அம்மா சொன்னாளோ என்னவோ, அவள் பேசுவது எனக்குப் பாதிதான் புரிகிறது. தென்னவன் செய்தபோது பார்த்தது.

அவன் இதை இங்கே செய்திருக்கிறான். கோவை வேலை போய் எட்டு மாதம் வீட்டில் இருந்தான். காலையில் எழுந்தால் போன், போனைப் பார்த்துச் சமையல். வேலைக்கு விண்ணப்பம் போடுகிற கையா அது? கிளம்பிப் போன அன்றைக்கு இதே சட்டியை மேசையில் கொண்டுவந்து வைத்து, "அப்பா, நீங்க முதல்ல எடுங்க" என்றான். நானும் எடுத்தேன். எடுத்துவிட்டு, "இருபத்தெட்டு வயசுல அப்பன் வாங்கிப் போடுற கோழியில அலங்காரம் பண்ணிட்டு இருக்க, வெட்கமா இல்லையாடா?" என்றேன். இதில் பொய் எதுவும் இல்லை. கோழி நான் வாங்கியதுதான். மரகதம் மட்டும், "சாப்பிடுற நேரத்துல சொல்ற பேச்சா இது" என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எந்த நேரத்தில் சொன்னால் என்ன?

அன்றைக்கு அவன் அதில் ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லை.

நவம்பர் 9, சனி

நாள் தெரிந்துவிட்டது. பதினேழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ராத்திரியே திரும்ப வேண்டுமாம், ஏழு மணி பஸ்.

மரகதம் பேச்சே சரியில்லை. "பெருசா ஒண்ணும் செஞ்சு வைக்காதீங்க. அவனுக்கு ரசஞ்சோறு போதும்."

"ஒரு வருஷத்துக்கு மேலாச்சு, பையன் வர்றான், ரசஞ்சோறு போடுறதா?"

"சொன்னாக் கேளுங்க. வீட்டைக் கொஞ்சம் சுத்தபத்தமா வச்சிருங்க, அது போதும். மீதியை அவனே சொல்லுவான்."

"என்ன சொல்லுவான்?"

"நான் எதாவது சொன்னா நீங்க குதிப்பீங்க. அவன் வாயாலயே கேட்டுக்குங்க."

சுத்தபத்தமாம். நான் என்ன குப்பையிலா படுத்துக் கிடக்கிறேன்? கோபத்தில் போனை வைத்துவிட்டு, சாயங்காலம் வரை ஒட்டடை அடித்தேன். கல்யாணச் சேதியாக இருக்கும் என்று நினைக்கிறேன். எந்தச் சாதியாக இருந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை, அதை அவன் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

நவம்பர் 13, புதன்

கரண்ட் போய்விட்டது. எந்தக் கம்பத்தில் கோளாறு என்று வாசலில் நின்றே கண்டுபிடித்து, ஆபீசுக்கு போன் போட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் பேசியவன், "சரிங்க சார், உங்க பேரு?" என்றான். செங்குட்டுவன் என்றேன். அவனுக்குத் தெரியவில்லை.

நவம்பர் 16, சனி

பஷீர் பாய் கடையில் ஈ காக்கை இல்லை. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "நீங்களாச்சும் வந்தீங்களே சார். இன்னும் ரெண்டு மாசத்துக்கு இப்படித்தான்" என்றார். மழைக்குச் சொல்கிறார் போலிருக்கிறது. கூட்டம் இல்லாததால் நின்று நிதானமாகத் தேர்ந்தெடுக்க முடிந்தது. ஒரு கிலோ, தோலோடு. சிறு உருளைக்கிழங்கு, புதுக் கேரட், மலைப்பூண்டு, வெண்ணெய். கறுப்புச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிவைத்தேன். நாற்காலியிலிருந்து துணியையும் பேப்பரையும் எடுத்தாயிற்று.

அவன் தட்டில் முதல் துண்டை நான் வைக்க வேண்டும். வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

நவம்பர் 18, திங்கள்

நேற்று எழுதவில்லை. முடியவில்லை. இப்போது காலை, டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

நாலரை மணிக்குச் சட்டி அடுப்பில் இருந்தது. கோழி பொன்னாகிவிட்டது, கிழங்கைச் சேர்த்து மூடியிருந்தேன். வெளியே பனிமூட்டம், வாசல் கேட் கண்ணுக்குத் தெரியவில்லை. கேட் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். பனிக்குள் கறுப்புச் சட்டை தெரிந்தது. என் நெஞ்சு ஒரு நிமிஷம் அப்படிப் பூரித்துப் போனது. அப்பனைப்போலக் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டான் என்று நினைத்தேன். இரண்டு அடி வைத்த பிறகுதான் கறுப்பு வேட்டி தெரிந்தது. அப்புறம் தாடி, நெற்றியில் சந்தனம், கழுத்தில் துளசி மணி மாலை. இந்தக் குளிரில் வெறுங்கால்.

"சாமி சரணம்" என்றான் தென்னவன். "நல்லா இருக்கீங்களா சாமி?"

நான் பெற்ற பிள்ளை என்னைச் சாமி என்கிறான். மாலை போட்டால் எதிரே வருகிற எல்லாரையும் அப்படித்தான் கூப்பிட வேண்டுமாம், அது எனக்கும் தெரியும். ஆனாலும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரனைக் கூப்பிடுவது போலத்தான் இருந்தது. 'என்னடா வேஷம் இது' என்று நாக்கு நுனிவரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"எப்போ போட்டது?"

"நேத்துங்க சாமி, கார்த்திகை ஒண்ணு. வேலை கிடைச்சா மலைக்கு அனுப்புறேன்னு அம்மா வேண்டிக்கிட்டாங்க. முதல் வருசம் போறவன் பெத்தவங்க கிட்ட சொல்லிட்டுத்தான் போகணும்னு குருசாமி சொன்னார். அதான் வந்தேன்."

குருசாமி சொன்னார், அதனால் வந்திருக்கிறான். எனக்காக இல்லை. இத்தனை வாரமாக நான் துரு தேய்த்ததும் கிழங்கு வேகவைத்ததும் அவனுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. இருந்தாலும் "உள்ள வா" என்றேன்.

அவன் நின்ற இடத்திலேயே நின்றான். கோழி வாசம் வாசல்வரை வந்துகொண்டிருந்தது. "கறி வேகுற வீட்டுக்குள்ள நான் வரக் கூடாதுங்க சாமி. அம்மா சொல்லலையா?"

சொன்னாள். ரசஞ்சோறு என்று சொன்னாள், சுத்தபத்தம் என்று சொன்னாள். பஷீர் பாயும் சொன்னார். காலண்டர் மாட்டாத வீட்டில் எல்லாம் காதோடு போய்விட்டது.

அந்த நேரம் பார்த்து ஜோகி சாலையில் வந்தார். பனியில் எங்கள் இரண்டு பேரின் கறுப்புச் சட்டையையும் பார்த்துவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டு, "சாமி சரணம், சாமி சரணம்" என்று ஆளுக்கு ஒன்று சொன்னார். சொன்ன பிறகுதான் என் முகம் தெரிந்தது. "அட, சார், நீங்களுமா?" என்றார். தென்னவன் சிரித்துவிட்டான். அவன் சிரித்து நான் பார்த்து எவ்வளவு நாளாயிற்று.

சிரித்தபடியே ஈரத் தரையில் என் காலில் விழக் குனிந்தான். நான் தோளைப் பிடித்துத் தூக்கினேன். என் காலில் யாரையும் விழ விட்டதில்லை, இவனையும் விட மாட்டேன். "அப்போ போயிட்டு வான்னு வாயால சொல்லுங்க சாமி, போதும். நான் கிளம்புறேன்" என்றான்.

சொல்லிவிட்டால் போய்விடுவான். நான் ஜோகியைப் பார்த்தேன். என் முகத்தில் என்ன இருந்ததோ, அவர் மெதுவாகச் சொன்னார்: "பிட்சைன்னு கூப்பிட்டா சாமிங்க வேண்டாம்னு சொல்றதில்லை சார். குளிச்சுட்டு, வெளிய அடுப்பு மூட்டிச் செய்யுங்க. எங்க வீட்டுச் சட்டி பானை தர்றேன், நாங்களும் இந்த மாசம் கறி தொடுறதில்லை. வெங்காயம் பூண்டு வேண்டாம். ருசி மட்டும் பார்த்துராதீங்க, சாமிக்குப் படைக்கிறதை எச்சில் பண்ணக் கூடாது."

பிட்சைக்குக் கூப்பிட வேண்டும் என்றால் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும். அறுபத்திரண்டு வயதுவரை எந்தக் கோயில் வாசலிலும் சொல்லாத வார்த்தை. தென்னவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் சொல்ல மாட்டேன் என்று அவனுக்கு நிச்சயம், கேட்டுக்குக் கை போய்விட்டது.

"சாமி" என்றேன். "சாமி, ஒரு வாய் பிட்சை எடுத்துட்டுப் போங்க."

அவன் கேட்டிலிருந்து கையை எடுத்தான். "சரிங்க சாமி" என்றான்.

அதற்குப் பிறகு நான் நிற்கவில்லை. இரும்புச் சட்டியைத் துணி சுற்றித் தூக்கிக்கொண்டு பஷீர் பாய் கடைக்கு நடந்தேன். அவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "இவ்ளோ அழகா செஞ்சுட்டு ஏன் சார்?" என்றார். "பிள்ளைங்களுக்குக் குடுங்க பாய்" என்று வைத்துவிட்டுத் திரும்பினேன். வெந்நீர் போட நேரமில்லை, பச்சைத் தண்ணீரில் குளித்தேன், பல் கிட்டிப்போனது. குளித்துவிட்டு வந்தால் தென்னவன் பின்பக்கத்து வெந்நீர் அடுப்பில் விறகு வைத்து ஊதிக்கொண்டிருக்கிறான். ஜோகி வீட்டுப் பித்தளைப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருந்தது.

பிரிக்காத ரவைப் பாக்கெட் ஒன்று இருந்தது. மீதிக் கேரட்டையும் கிழங்கையும் அவன் பொடியாக நறுக்கினான், நான் தாளித்தேன். "தண்ணி கொதிச்சிருச்சுங்க சாமி" என்றான். "தெரியுது" என்றேன். கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகக் கை தானாகப் போனது, பாதியில் நிறுத்திக்கொண்டேன். ரவையைக் கொட்டினேன்.

துணி துவைக்கிற கல்லின் மேல் உட்காரவைத்து, ஜோகி தோட்டத்து வாழையிலையில் போட்டேன். கொல்லைப்பக்கம் வீட்டைச் சேர்ந்ததா இல்லையா என்று ஒரு யோசனை ஓடியது. சேர்ந்ததுதான். பட்டாவில் இருக்கிறது.

அவன் கையைக் கழுவி, கண்ணை மூடி ஏதோ சொல்லிவிட்டு, முதல் வாய் வைத்தான். நான் பக்கத்தில் நின்றேன். ஒரு நொடி மெல்வதை நிறுத்தினான், அப்புறம் சாப்பிட்டான். நான் எதுவும் பேசவில்லை. இலை காலியானதும் நிமிர்ந்து, "இன்னும் கொஞ்சம் போடுங்க சாமி" என்றான். போட்டேன். அதையும் வழித்துச் சாப்பிட்டான். கை கழுவினான்.

பஸ் நிறுத்தம்வரை கூடப் போனேன். வெறுங்காலோடு அவன் நடக்கிறபோது என் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. பஸ் வந்தது. "பார்த்துப் போயிட்டு வா" என்றேன். "வரேங்க சாமி" என்று ஏறிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து மரகதத்தைக் கூப்பிட்டேன். "சாப்பிட்டான்" என்றேன். அந்தப் பக்கம் அவள் அழுகிறாளா மூக்கை உறிஞ்சுகிறாளா தெரியவில்லை. "மாலையைக் கழட்டின பிறகும் வருவானா?" என்று கேட்டேன். "நீங்க கூப்பிடுங்க" என்றாள். நீ வருவாயா என்று கேட்க வந்தேன். அதற்குள் குக்கர் விசில் என்று வைத்துவிட்டாள்.

பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்று, ஒட்டியிருந்த உப்புமாவை ஒரு தட்டில் வழித்து, எனக்கு ராத்திரிக்கு என்று மேசையில் உட்கார்ந்தேன். ஒரு வாய் வைத்தேன். உப்பே இல்லை. குறைச்சல் இல்லை, ஒரு கல்கூட இல்லை. போட மறந்திருக்கிறேன், ருசி பார்க்கக் கூடாது என்றதால் தெரியவே இல்லை.

உடனே அவனுக்கு போன் போட்டேன். மாலையைப் பற்றி நினைக்கவில்லை, வாய் வந்தபடி வந்தது. "ஏன்டா, உப்பே போடலையேடா அதுல."

பஸ் இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் வந்தது. "தெரியும்ப்பா. முதல் வாயிலேயே தெரிஞ்சுது."

"அப்புறம் எதுக்குடா மறுபடி வாங்கிச் சாப்பிட்ட?"

அவன் பதில் சொல்ல ஆரம்பித்தது கேட்டது. மலைப்பாதை வளைவு வந்திருக்க வேண்டும், சத்தம் நின்றுவிட்டது. திரும்பக் கூப்பிட்டேன், கிடைக்கவில்லை.

மேசையில் கைக்கெட்டும் தூரத்தில்தான் உப்பு ஜாடி இருந்தது. போட்டுக்கொள்ளவில்லை. தட்டில் இருந்ததை அப்படியே சாப்பிட்டு முடித்தேன்.